பாட்டு உள்ளே வந்தது, பறை வெளியே நின்றது

தமிழ்க் கிறித்தவ இசையின் வரலாற்றைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரிடம் (1774-1864) தொடங்குவது வழக்கம். அது நியாயம்தான். ஐரோப்பிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகளைப் பாடிவந்த சபைகளுக்கு ராகமும் தாளமும் உள்ள கீர்த்தனைகளைத் தந்தவர் அவர். அமெரிக்கன் மதுரை மிஷனின் எட்வர்டு வெப் 1853-ல் அவற்றைத் தொகுத்து அச்சிட்டார். நமக்குப் பக்கத்து மண்டபசாலையில்கூட அந்த மிஷனுக்கு ஒரு நிலையம் இருந்தது.

ஆனால் வேளாளரான சாஸ்திரியார், புதிய மிஷனரிமார் செய்யும் கொடுமைகள் என்று 1829-ல் எழுதியவற்றை நாம் மறக்கக் கூடாது. தமிழ்ப்பாட்டைத் தடுப்பது ஒரு கொடுமை. சாதிகளை ஒன்றாகச் சேர்ப்பது இன்னொரு கொடுமை. எங்கள் பாட்டைப் பறிக்காதே, எங்களோடு அவர்களைச் சேர்க்காதே: இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்.

ஆகவே கீர்த்தனை தனியாக வரவில்லை. பிடிலும் ஆர்மோனியமும் கோவிலுக்குள் வந்தன, பிறகு கிதாரும் வந்தது. பறை வாசலிலேயே நின்றது. தீட்டு என்று மேல்சாதிக் கிறித்தவர் ஒதுக்கினார்கள் என்பது பாதிக் கதைதான். நம் தாத்தாக்களில் பலர் தாங்களாகவே பறையைக் கீழே வைத்தார்கள். சாவு வீட்டில் அடிப்பது அவர்கள்மேல் ஊர் சுமத்திய ஊழியம். அதை மறுத்ததை நாம் வேலைநிறுத்தம் என்றே சொல்வோம். இன்று பறையைக் கையில் எடுக்கும் இளைஞர்கள் அந்த மறுப்பைக் கேலி செய்ய வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வழி தேடியவர் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்று தனக்குத்தானே பெயர் வைத்துக்கொண்டவர். மாணவர்களுக்குப் பரட்டை அண்ணன். கீர்த்தனை பாடப் பழகிய தொண்டை வேண்டும், அச்சிட்ட புத்தகம் வேண்டும். நாட்டுப்பாட்டுக்கு இரண்டும் வேண்டாம். பாடுகிறவர் ஒரு சொல்லை மாற்றினாலும் பாட்டு கெடாது, அவருடையதாகிவிடும். பரட்டை பிடித்துக்கொண்டது இதைத்தான். 1990-களில் முழு ஆராதனையையே கிராமிய மெட்டில், பேச்சுத் தமிழில் அமைத்தார். பிதாவே என்று அழைத்த இடத்தில் 'பெத்தவரே' வந்தது. அப்பனும் அதில் அடங்கினார், ஆத்தாளும் அடங்கினாள். 'ஒரே உலை' என்பது அவர் ஓயாமல் சொன்ன சொல்: அவரவர் அரிசியைக் கொண்டுவந்து ஒரே பானையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து உண்பது. இராப்போசனத்தில் கலக்கக் கூடாது என்ற 1829-ன் வாதத்துக்கு இதைவிட நேரான பதில் நமக்குத் தெரியவில்லை.

பரட்டை 2005-ல் மறைந்தார். அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் அவர் இசையைப் பற்றி 2014-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். சூலக்கரையைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் களையெடுத்த பெண்கள் பாடிய மெட்டுகளில் எவை ஜெபக்கூட்டத்துக்குள் நுழைந்தன, எவற்றை வாசலோடு நிறுத்தினார்கள்? கேட்டு எழுத அந்தப் பாட்டிகள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.