குரோஷியாவிலிருந்து கீழப்பாவூர் வரை

அரை மில்லி ஃப்ளூ தடுப்பூசிக்குள் மூன்று சீமைகளின் பெயர் இருக்கிறது. 2025இல் தென் அரைக்கோளத்துக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த முட்டைவழித் தடுப்பூசியின் கிருமிகள்: விக்டோரியா, குரோஷியா, ஆஸ்திரியா. எந்த ஊர் நோயாளியிடம் அகப்பட்டதோ, அந்த ஊர்ப் பெயரே கிருமிக்கு.

அங்கிருந்து அது கோழி முட்டைக்குப் போகிறது. பத்துப் பதினொரு நாள் அடைகாத்த, கரு வளரும் முட்டை. உள்ளே செலுத்திய கிருமி இரண்டு மூன்று நாளில் பெருகியதும் அந்த நீரை உறிஞ்சியெடுத்து, கிருமியைக் கொன்று, உடைத்து, சுத்தம் செய்கிறார்கள். மருந்து தயாராக ஆறு மாதமாவது ஆகும். அதற்குள் கிருமி உருமாறத் தொடங்கிவிடும். அதனால்தான் வருஷா வருஷம் புது ஊசி.

பிறகு வழியெல்லாம் 2 முதல் 8 டிகிரி குளிர். திருநெல்வேலியிலிருந்து பாவூர்சத்திரத்துக்குத் தெர்மாகோல் பெட்டியில் வரும்போதும் ஐஸ் பேக் மருந்தின் மேல் நேராகப் படக் கூடாது. வெயிலுக்குப் பயப்படுகிற அளவு உறைவதற்கும் பயப்பட வேண்டும். ஒருமுறை உறைந்தால் குப்பைக்குத்தான்.

கிருமிக்கு இந்தப் பக்குவமெல்லாம் வேண்டாம். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த கப்பலில் ஏறி வந்த ஆசிய ஃப்ளூ, சில மாதங்களில் நாடு முழுக்கப் பரவியது.

நம் பக்கம் ஃப்ளூ மழையோடு வருகிறது. சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் உச்சம். தென்காசிக்கு அந்த மழையும் உண்டு, ஆனி ஆடிச் சாரலும் உண்டு; குற்றாலத்தில் ஊர் ஊராகக் கூட்டம் நெருக்கியடிப்பதும் அப்போதுதான். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே வைகாசியிலேயே போட்டுக்கொள்வது நல்லது. தவறினால் ஐப்பசிக்கு முன்னாவது.

போட்டவருக்குக் காய்ச்சலே வராது என்று சொல்ல முடியாது. நிமோனியாவாக முற்றி ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஆபத்து குறையும். வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், பீடி சுற்றிச் சுற்றிப் புகையிலைத் தூசியை மூச்சில் வாங்கிய நம் கீழப்பாவூர் அம்மாக்கள் ஆகியோருக்கு அதுவே பெரிய விஷயம்.

ஆனால் தேசிய இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. தனியாரிடம் போட்டுக்கொள்ள, பீடி சுற்றும் அம்மாவுக்குப் பல நாள் கூலி போய்விடும். இத்தனை தூரம் வந்த மருந்து கடைசித் தெருவில் காசுக்காக நிற்கக் கூடாது. அறுபது வயது கடந்தவர்களுக்காவது சாரலுக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதை இலவசமாகப் போட அரசு முன்வர வேண்டும்.