ஒரே பெயர், இரு கோப்புகள்

ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும் ஒரே கொம்பைப் பகிர்ந்துகொண்டன. வடிவம் ஒன்று, வாசிப்பு இரண்டு. எது சரி என்பதைப் படிப்பவர்தாம் இடமறிந்து முடிவு செய்ய வேண்டும். திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில், ஏலாக்குறிச்சியில் பல்லாண்டு தங்கியிருந்த வீரமாமுனிவர் (1680–1747) நெடிலுக்குச் சுழித்த கொம்பைத் தந்து இக்குழப்பத்தைக் குறைத்தார் என்பது நாமறிந்ததே.

கணினியில் இச்சிக்கல் தலைகீழாகத் திரும்பி வந்தது. இங்கே வாசிப்பு ஒன்று. உள்ளே இருக்கும் எழுத்துருவம் இரண்டு.

1991இல் பிறந்த லினக்ஸ், தன் முன்னோடியான யுனிக்ஸைப் போலவே, கோப்பின் பெயரை எழுத்துகளாகப் பார்ப்பதில்லை. வெறும் பைட்டுகளின் வரிசையாகவே பார்க்கிறது. அதன் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள் வரை இடமுண்டு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். நம் கணக்கில் ஒன்பது எழுத்துகளான ‘திருச்சிராப்பள்ளி’, வட்டில் 51 பைட்டுகளாகிறது.

ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்று ஏடான ‘கோயிலொழுகு’ ஒரு கோப்பின் பெயர் என்று கொள்வோம். முதலெழுத்தின் ஓகாரத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். 1998இல் வந்த ஆப்பிளின் ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயர்களைத் தானே பிரித்து ஒருமைப்படுத்திவிடும். லினக்ஸோ கொடுத்ததை அப்படியே வைக்கும். ஒரே அடைவில் இரண்டு ‘கோயிலொழுகு’கள் அருகருகே நிற்கக்கூடும். பயனர் தந்த பெயரைக் கோப்பு முறைமை திருத்தலாகாது என்பது லினஸ் டோர்வால்ட்ஸின் கட்சி. ஆப்பிளின் முறையை அவர் கடுமையாகவே சாடினார். மனிதர் கண்ணுக்கு ஒன்றாயிருப்பது கணினிக்கும் ஒன்றாயிருக்க வேண்டும் என்பது எதிர்க்கட்சி. நெடிய விவாதங்களுக்குப் பின், 2019இல் லினக்ஸ் 5.2இல், ஈஎக்ஸ்டி4 முறைமைக்கு ஒரு சமரசம் வந்தது: விரும்பினால் குறிப்பிட்ட அடைவுகளில் மட்டும், வைத்த பெயரை மாற்றாமல், ஒப்பிடும்போது இரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாம்.

ஆனால் ஸ்ரீரங்கம் என்ற பெயரே இச்சமரசத்துக்கு அகப்படாதது. ‘ஸ்ரீ’யை முதலில் ஸகரத்தைக் கொண்டே எழுதிவந்தோம். 2005இல் யூனிகோடு 4.1 தாலவிய சகரத்துக்குத் தனியிடம் தந்து, இனி அதைக்கொண்டு எழுதுவதே முறை என்றது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். ஆயினும் அவை வெவ்வேறு எழுத்துகளாதலால் எந்த ஒருமைப்படுத்தலும் அவற்றை இணைக்காது. சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ ஒரு முறையில் சேமிக்கப்பட்டு மறுமுறையில் தேடப்பட்டால், வட்டில் இருந்தும் இல்லாததாகிவிடும்.

செல்லரித்த ஏடு அழிந்தது நமக்குத் தெரியும். தேடலில் சிக்காத கோப்போ அழியவுமில்லை, கிடைப்பதுமில்லை. கோப்பு முறைமையை யார் திருத்தினாலும் இந்த இழப்பு தீராது. மின்னூல் தொகுப்போர் எந்த ‘ஸ்ரீ’ என்பதைத் தமக்குள் முடிவு செய்து, அதை எழுதியும் வைக்க வேண்டும். ஏடு படித்தவர்கள் மனத்தால் செய்த வேலைதான் அது. இப்போது தொடக்கத்திலேயே செய்தாக வேண்டியிருக்கிறது.