கரிசல் சீமையில் உபரி மின்மாற்றிகள்

பழைய இரும்புக் கடையைத் தமிழர் காயலான் கடை என்பர். காயல்பட்டினத்து வணிகர்கள் அத்தொழிலில் முன்னோடிகளாக இருந்தமையால் வந்த பெயர் என்று சொல்வதுண்டு. சொல்லின் பிறப்பு எதுவாயினும் அதனுள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்த பொருள் தன் பெயரை இழந்துவிடும். நூற்பு எந்திரம், இறைப்பு எந்திரம், மின்மாற்றி என்ற வேறுபாடெல்லாம் மறைந்து, இத்தனை கிலோ இரும்பு, இத்தனை கிலோ செம்பு என்று தராசு மட்டுமே பேசும். உபரி என்று விற்கப்படும் பொருளோ இன்னும் எந்திரம்தான்; ஓரிடத்தில் தேவை முடிந்து இன்னோரிடத்தில் தேவைப்படுவது. இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட தொலைவு எவ்வளவு என்பதை, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்னிறுத்தி, உலர்வகை மின்மாற்றி என்ற ஒரு பொருளின் வழியே காண முற்படுவோம்.

திருச்சுழி என்றதும் 1879இல் அங்கே பிறந்த இரமண மகரிஷி நினைவுக்கு வருவார். அருப்புக்கோட்டை என்றால் 1977இல் எம்.ஜி.ஆர். வென்று முதலமைச்சரான தொகுதி என்பர். மின்மாற்றியை யாரும் நினைப்பதில்லை. ஆயினும் இந்த வானம் பார்த்த பூமியில் ஆலை ஓடியதும், தறி ஓடியதும், கிணற்றுநீர் மேலேறியதும் மின்மாற்றியின் தயவால்தான். குண்டாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடக்கும். ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். பருத்திக்கு இசைந்த கரிசல் மண் மட்டுமே இச்சீமையின் முதல்.

அந்தப் பருத்திக்கும் பாபநாசத்து நீருக்கும் உள்ள உறவு விந்தையானது. 1880களில் ஆர்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை நிறுவியபோது, தாமிரபரணியின் நீர்விசையே எந்திரங்களைச் சுழற்றியது. அதாவது பருத்தி நீரைத் தேடிச் சென்றது. பின்னர் 1932இல் பைக்காராவும், 1937இல் மேட்டூரும், 1944இல் பாபநாசமும் நீர்மின் நிலையங்களாயின. கம்பி வழியே மின்சாரம் தென்மாவட்டங்களுக்குள் பரவியதும், பருத்தி விளையும் இடத்துக்கே விசை வந்துவிட்டது. அருவிக்கரையில் நிற்க வேண்டிய ஆலை கரிசல் காட்டில் நிற்கலாயிற்று. இம்மாற்றத்தைச் செய்த கருவிகளுள் முதன்மையானது மின்மாற்றி. உயர்ந்த அழுத்தத்தில் அனுப்பினால்தான் மின்சாரம் பேரிழப்பின்றித் தொலைவு கடக்கும்; தாழ்ந்த அழுத்தத்தில் கொடுத்தால்தான் ஆலை தாங்கும். இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் அது.

இப்பாலம் முதலில் உலர்ந்ததாகவே பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1885இல் புடாபெஸ்ட் நகரின் கான்சு தொழிற்சாலையில் சிப்பர்னோவ்ஸ்கி, பிளாத்தி, தேரி ஆகிய மூவர் உருவாக்கிய மின்மாற்றியில் எண்ணெய் இல்லை. காற்றே அதைக் குளிர்வித்தது. அழுத்தம் கூடக்கூடக் காற்றின் காப்பு போதவில்லை. 1891இல் ஜெர்மனியின் லாஃபனிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு ஏறத்தாழ 175 கிலோமீட்டர் தொலைவு மின்சாரம் அனுப்பிக் காட்டியபோது, எண்ணெயில் மூழ்கிய மின்மாற்றிகள் பயன்பட்டன. அதன்பின் எண்ணெயின் ஆட்சிதான். ஊர்தோறும் இரு கம்பங்களின் நடுவே தொட்டிபோல் அமர்ந்திருப்பதெல்லாம் அந்த மரபின் வாரிசுகளே.

எண்ணெய் எரியும் என்பதே அதன் குறை. எரியாத திரவம் வேண்டும் என்று தேடியதன் விளைவாக, 1930களிலிருந்து பி.சி.பி. எனப்படும் குளோரின் சேர்ந்த செயற்கை எண்ணெய்கள் மின்மாற்றிக்குள் புகுந்தன. அவை எரியவில்லை என்பது உண்மை, அழியவும் இல்லை. 1968இல் ஜப்பானில் தவிட்டெண்ணெயில் இந்த வேதிப்பொருள் கலந்து, உண்டோர் பலர் தோல்நோயும் பிற நோய்களும் கொண்டு துன்புற்றனர். 1981 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில் 18 மாடி அரசுக் கட்டடத்தின் மின்மாற்றி தீப்பற்றியது. தீ சிறிது, ஆனால் நச்சுக்கரி காற்றுக்குழாய்களின் வழியே கட்டடம் முழுதும் படிந்துவிட்டது. அதைத் துப்புரவு செய்து மீண்டும் திறக்க 1994 ஆயிற்று. ஒரு மின்மாற்றிக்காகப் பதின்மூன்று ஆண்டு பூட்டிக் கிடந்த கட்டடம்!

இதற்கு மாற்றாகவே உலர்வகை மீண்டும் தலையெடுத்தது. 1960களில் ஜெர்மனியில், கம்பிச்சுருளை எப்பாக்சி ரெசினுக்குள் வெற்றிடத்தில் வார்த்து இறுக்கும் முறை வளர்ந்தது. சுருளுக்கு வார்னிஷ் ஊட்டிச் சூளையில் உலர்த்தும் முறையும் உடன் வளர்ந்தது. இவற்றில் எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. மருத்துவமனை, அடுக்குமாடி, கணினிக்கூடம் ஆகியவற்றின் உள்ளே வைக்க இதுவே ஏற்றது. குடியிருப்பு, வணிகக் கட்டடங்களின் உள்ளே உலர்வகை மட்டுமே இருத்தல் வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு விதிகளும் கூறின.

நூற்பாலைக்கு இது பொருந்துமா? இங்கே ஒரு முரண் உண்டு. பஞ்சு பறக்கும் இடத்தில் எண்ணெய்த் தொட்டி ஆபத்து. எனவே உலர்வகை நல்லது என்று தோன்றும். ஆனால் உலர்வகை மூச்சுவிடுவது சுருள்களுக்கு இடையேயான காற்றுப் பாதையால். பஞ்சுத்தூசி அப்பாதையை அடைத்துவிட்டால் சூடேறிக் கெடும். ஆகவே நம் ஆலைக்காரர்கள் பெரும்பாலும் எண்ணெய் மின்மாற்றியை வெளியே திறந்தவெளி முற்றத்தில் வேலியிட்டு நிறுத்தினர். அது பட்டறிவு சொன்ன வழி. அதில் குறை காண்பதற்கில்லை. தனி அறையும் தூய காற்றும் கொடுக்க வசதியுள்ள இடங்களில் மட்டுமே உலர்வகை நின்றது. ஆதலால் இவ்வட்டாரத்துக்கு உபரி உலர்வகை வருவதெல்லாம் பெரும்பாலும் வெளியூரிலிருந்துதான்.

உபரி விற்பனை என்பதே அரசு கற்பித்த தொழில் எனலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945க்குப் பின், படைகள் விட்டுச்சென்ற லாரி முதல் மின்னாக்கி வரை விற்றுத் தீர்க்கத் தனித்துறையே இயங்கியது. 'மிலிட்டரி டிஸ்போசல்' என்ற சொல் தமிழ்ப் பேச்சில் நிலைத்தது அக்காலத்தில்தான். வாங்கலும் விற்றுத் தீர்த்தலும் ஒரே குடைக்கீழ் வந்த மத்திய இயக்ககம் 2017 வரை நீடித்தது. பழைய உலோக வணிகத்துக்கென 1964இல் தோன்றிய எம்.எஸ்.டி.சி. நிறுவனம் பின்னாளில் மின்னேலத்தின் களமாயிற்று. மின்வாரியங்கள் கழித்துக்கட்டிய மின்மாற்றிகள் இன்று அவ்வழியே ஏலம் போகின்றன.

ஆலைகளின் கதை துயரமானது. நலிந்த ஆலைகளை ஏற்று நடத்த 1968இல் தேசியப் பஞ்சாலைக் கழகம் அமைந்தது. 1974இல் நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1985இல் நலிந்த தொழில் நிறுவனங்களுக்கான சட்டம், 2016இல் அது நீங்கித் திவால் சட்டம். சட்டங்கள் மாறினவேயன்றி, பூட்டிய ஆலையின் முற்றத்தில் நடப்பது மாறவில்லை. முதலில் கணக்குப்பிள்ளை போய்விடுவார். பிறகு மின்பணியாளர் போய்விடுவார். அவர்களோடு கோப்புகளும் போய்விடும். எந்திரம் மட்டும் எஞ்சும். அது எந்த ஆண்டு வந்தது, எத்தனை முறை சுருள் மாற்றப்பட்டது, எவ்வளவு சுமையில் ஓடியது என்று சொல்ல ஆளில்லை. ஏலத்தில் எடுப்பவர் அதை எடைக்கே கேட்பார்.

எண்ணெய் மின்மாற்றிக்கு இதனால் பேரிழப்பு இல்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்ற பழமொழி அதற்கு ஏறக்குறைய பொருந்தும். செம்புச் சுருளை உருவி எடுக்கலாம், தொட்டி இரும்பு, தகடுகளும் விலைபோகும். வயற்காட்டு மின்மாற்றிகளைத் திருடர்கள் இறக்கிச் செம்பை மட்டும் உருவிச் செல்லும் செய்திகளை நாளிதழ்களில் அவ்வப்போது காண்கிறோம். நேர்மையான வணிகரிடமும் உரிமைச்சீட்டைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை அதனாலேயே வந்தது. உலர்வகையோ அந்த யானை அன்று. ரெசினில் வார்த்த சுருள் பலவற்றில் இருப்பது செம்பே அன்று, அலுமினியத் தகடு. வெப்பத்தில் விரியும் அளவு ரெசினுக்கு அண்மையாக இருப்பதால் அதைத் தேர்ந்தார்கள். அதையும் ரெசினிலிருந்து பிரிப்பது பெரும்பாடு. உடைத்தால் நேரம் போகும், எரித்தால் நச்சுப்புகை. காயலான் கடைக்காரர் அதைக் கண்டு முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. ஆகவே உலர்வகை எந்திரமாக விற்றால்தான் விலை. எடைக்குப் போனால் பெருநட்டம். எந்திரமாக விற்கவோ அதன் வரலாறு வேண்டும்.

அவ்வரலாற்றின் முதல் ஏடு பெயர்த்தகடு. திறன், அழுத்தம், இணைப்பு முறை, மின்மறிப்பு விழுக்காடு, காப்பு வகுப்பு, செய்த ஆண்டு ஆகிய அனைத்தும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். கல்வெட்டு வாசிப்போர் போல இதை வாசிக்கத் தெரிதல் வேண்டும். சென்னையின் மருத்துவமனை ஒன்றிலிருந்து கழற்றிய மின்மாற்றியில் 11 கிலோவோல்ட் என்றிருக்கலாம். விருதுநகர், மதுரைப் பகுதிகளில் உயரழுத்தப் பகிர்மானம் 22 கிலோவோல்ட். புத்தம் புதிதாயினும் அது அருப்புக்கோட்டையில் உதவாது. அமெரிக்காவிலிருந்து மலிவாக வருவது 60 சுழற்சிக்குச் செய்தது; நமது 50 சுழற்சியில் அதே அழுத்தத்தில் இணைத்தால் உள்ளகம் நிறைவுற்றுச் சூடேறும். ஐரோப்பியத் தகட்டின் திறன், ஆண்டுச் சராசரி 20 டிகிரியும் உச்சம் 40 டிகிரியும் உள்ள காற்றைக் கருதி எழுதியது. நம் சித்திரை வெயிலில் அத்திறனை முழுதும் எதிர்பார்க்கலாகாது. ஏற்கனவே உள்ள மின்மாற்றியோடு இணையாக ஓட்டக் கருதினால், மின்மறிப்பு விழுக்காடும் இணைப்பு முறையும் ஒத்திருக்க வேண்டும். தகடு இல்லாத மின்மாற்றியோ ஆசிரியர் பெயரற்ற ஓலைச்சுவடி போன்றது. அளந்து ஓரளவு ஊகிக்கலாம்; உறுதி கூற இயலாது.

இரண்டாம் ஏடு, சும்மா கிடந்த காலம். உலர்வகை என்ற பெயரே வாங்குவோரை ஏமாற்றுவது இங்கேதான். ஓடும்போது தன் சூட்டாலேயே அது உலர்ந்திருக்கும். நிறுத்திவிட்டால், வார்னிஷ் ஊட்டிய வகை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கூரை பெயர்ந்த ஆலைக்கூடத்தில் ஓர் ஐப்பசி மழைக்காலம் கிடந்தாலே போதும். அதை வாங்கி வந்து அன்றே மின்னேற்றினால் சுருள் வெடித்துப் போகக்கூடும். முதலில் மெக்கரால் மின்காப்புத் தடையை அளந்து, குறைவெனில் வெந்நிறக் காற்றூட்டி நாட்கணக்கில் உலர்த்தி, மறுபடி அளந்தே இணைக்க வேண்டும். ரெசினில் வார்த்த வகை ஈரத்தை எளிதில் ஏற்பதில்லை. ஆனால் லாரியிலிருந்து இறக்கும்போது தட்டினால் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாத அவ்விரிசலில் மெல்லிய மின்கசிவு தொடங்கி ஆண்டுகள் கழித்துக் கொல்லும். விரிசலை ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை, சுருளையே மாற்ற வேண்டும். எங்கே, எப்படி வைத்திருந்தீர்கள் என்று வாங்குபவர் கேட்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளும் விற்பனையாளர் இத்தொழிலுக்கு ஆகார்.

விற்பவர் பக்கம் ஓர் ஆறுதல் உண்டு. எண்ணெய் மின்மாற்றியை விற்பவர் அந்த எண்ணெய்க்கும் பொறுப்பாளி. கழிவெண்ணெயைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பி.சி.பி. ஊற்றிய மின்மாற்றி மட்டுமல்ல, சாதாரண எண்ணெயுடையதும் ஐயத்துக்குரியது. ஒரே வடிகட்டும் எந்திரத்தைப் பல மின்மாற்றிகளுக்குப் பயன்படுத்தியதால் நஞ்சு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவியது. 2001இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உருவாயிற்று; இந்தியா 2006இல் அதனை ஏற்றது. 2016ஆம் ஆண்டு ஆணை, 2025 டிசம்பர் 31உடன் பி.சி.பி. பயன்பாடு முற்றும் நீங்க வேண்டும் என்று நாள் குறித்தது. அந்த நாள் வரையிலும் அதற்குப் பின்பும், பழைய தொட்டிகளைத் திறந்து எண்ணெயை வாளியில் ஏந்துவது யார்? கையுறையின்றி, முழங்கை வரை நனைய நிற்கும் கடைப் பையன்கள்தாம். நாம் பார்த்த பழைய பொருள் கடைகளில் எண்ணெயைச் சோதித்தீர்களா என்று கேட்டால் சிரிக்கிறார்கள். சிறிய சோதனைக்குச் செலவிட மனமில்லாத வணிகம் சில ஆயிரங்களை மிச்சம் பிடித்து ஒரு சிறுவனின் தோலையும் ஈரலையும் பணயம் வைக்கிறது. இந்த ஒன்றில் உலர்வகைக்கு நிகர் இல்லை. கையால் தொட்டுத் தூக்கலாம்.

இனி வருவதையும் குறிப்பிட வேண்டும். 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைத் தொழிலில் தென்மாவட்ட நூற்பாலைகள் பலவும் தம் தேவைக்கென முதலிட்டன. அவற்றின் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்க 2024இல் தமிழக அரசு ஒரு கொள்கையை அறிவித்தது. சிறிய பழைய காற்றாலைகளின் மின்மாற்றிகள் தரையில் நிற்கும் எண்ணெய் வகையே பெரும்பாலும். கோபுரத்தின் உள்ளோ உச்சியிலோ உலர்வகை வைப்பது பிற்காலத்துப் பெரிய எந்திரங்களின் வழக்கம். அவற்றின் தாழ்வழுத்தம் 690 வோல்ட்டாக இருப்பதுண்டு. ஆலைக்கு வேண்டியது 415ஐ ஒட்டியது. திருச்சுழிக்கு அண்டையில் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் எழுந்தது. அங்கும் மின்னாக்கிக்கென்றே தனி அழுத்தத்தில் செய்த மின்மாற்றிகள். இவையெல்லாம் ஒருநாள் கீழிறங்கும்போது, 690 என்று பொறித்த தகட்டைப் படித்துப் பார்த்து, எந்த ஊரில் யாருக்கு அது பொருந்தும் என்று சொல்லத் தெரிந்தவர் நம்மூரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதே இப்போதைக்கு நம் கேள்வி.