யார் பேரில் இருக்கிறது?

முக்கூடல் என்றதும் உங்களுக்கு முக்கூடற்பள்ளு ஞாபகம் வரலாம். அந்த முக்கூடல் வேறு! தாமிரபரணியோடு சிற்றாறு வந்து சேர்கிற சீவலப்பேரிதான் பள்ளு பாடிய இடம். நான் சொல்லும் முக்கூடல் அதே ஆற்றங்கரையில், இன்னும் மேற்கே, சேரன்மகாதேவி வட்டாரத்தில் இருக்கிற ஊர். பீடிக்குப் பேர்போனது. பெயரை மட்டும் நம்பிக் கிளம்பினால் தப்பான பஸ்ஸில் ஏறிவிடுவீர்கள்.

அங்கே என் சித்தி வீட்டில் நடந்தது இது. வளைகுடாவிலிருந்து வந்த மகன் அம்மாவுக்கு வேறொரு ஐபோன் கொண்டுவந்தான். பழையது அவன் முன்பு கொடுத்ததுதான். கண்ணாடி உடைந்து, விரலைக் கீறுகிற நிலைமை. 'மேகத்தில்' இருந்த பேக்கப்பைப் புது போனில் இறக்கினோம். பேரன் பேத்தி படங்கள், போன் நம்பர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. திடீரென்று திரையில் ஒரு கட்டம். முன்பின் தெரியாத ஒரு ஈமெயில் முகவரி. அதற்குப் பாஸ்வேர்டு கொடு என்றது.

சித்தி மிரண்டுவிட்டார். "இவன் யாருல, எம் போனுக்குள்ள இருந்துக்கிட்டு பாஸ்வேர்டு கேக்கான்?"

திருடன் இல்லை. அந்த முகவரியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. பல வருஷம் முன்பு பழைய போனில் நாலைந்து ஆப்களை ஏற்றிக் கொடுத்த ஒரு மொபைல் கடையின் முகவரி. கடை மூடி ரொம்ப நாளாகிறது. கடைக்காரர் எந்த ஊரிலோ. ஆனால், அவர் கணக்கு மட்டும் சித்தியின் போனுக்குள் குடியிருக்கிறது!

உங்களுக்கும் இது நடந்திருக்கலாம். ஏன் நடக்கிறது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1961. அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம். ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டை ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ என்பவரின் குழு செய்துகாட்டியது. யானை மாதிரி ஒரு மெஷின், அதில் ஆளாளுக்குத் தனிக் கோப்புகள். எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? ஆளுக்கொரு பாஸ்வேர்டு! கம்ப்யூட்டர் உலகத்தின் ஆரம்பகால பாஸ்வேர்டுகள் இவை. மறுவருஷமே திருட்டும் வந்துவிட்டது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் கம்ப்யூட்டர் கிடைத்தது. போதவில்லை. பாஸ்வேர்டு பட்டியலையே அச்சடித்துக் கொடுக்கும்படி கம்ப்யூட்டருக்குத் துளை அட்டையில் கட்டளை போட்டார். அது சமர்த்தாகக் கொடுத்துவிட்டது! பல்லாண்டு கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார்.

அப்போதெல்லாம் பாஸ்வேர்டு காவல் காத்தது நீங்கள் எழுதியதை. பிற்பாடு நீங்கள் வாங்கியதையும் அது காவல் காக்க ஆரம்பித்தது. உதாரணத்துக்கு 2003. அந்த வருஷம் ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் இன்டர்நெட்டில் பாட்டுக் கடை திறந்தது. பாட்டு கம்பெனிகளுக்கு ஒரே பயம்... ஒருத்தர் வாங்கி ஊருக்கே கொடுத்துவிட்டால்? அதனால் ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் வாங்கினவரின் கணக்கைப் பூட்டாகப் போட்டார்கள். 2009-ல் பாட்டுக்களுக்கு அந்தப் பூட்டு போய்விட்டது. ஆனால், அதற்குள் 2008-ல் ஆப் கடை திறந்தாகிவிட்டது. பூட்டு அங்கே நிலைத்துவிட்டது. காசில்லாத ஆப்பாக இருந்தாலும் ரசீது ஒருத்தர் பேரில்தான்.

2011-ல் ஐக்ளவுட் வந்தது. நம்மில் பலர் நினைக்கிற மாதிரி, பேக்கப் என்பது போனை அப்படியே பெயர்த்து வைப்பது இல்லை. உங்கள் படங்கள், செட்டிங், ஆப்களுக்குள் எழுதி வைத்தவை எல்லாம் அதில் இருக்கும். ஆப்கள் மட்டும் இருக்காது; அவற்றின் பட்டியல்தான் இருக்கும். சரக்கை லாரியில் ஏற்றிவிட்டு, பீரோவைப் புது ஊரில் மறுபடி கடையிலிருந்து எடுத்துக்கொள் என்கிற மாதிரி. கடை ரசீதைப் புரட்டும். பீரோ யார் பேரில் போட்டது? மொபைல் கடைக்காரர் பேரில். அப்படியானால் அவரைக் கூப்பிடு!

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். போன் திருட்டு பெருகி, அமெரிக்காவில் போலீஸும் அரசு வக்கீல்களும் கம்பெனிகளை நெருக்கினார்கள். 2013-ல் ஆப்பிள், 2015-ல் ஆண்ட்ராய்டு என்று வரிசையாகப் புதுப் பூட்டு வந்தது. போனைத் துடைத்து அழித்தாலும் பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும். கலிஃபோர்னியாவில் இதற்கு 2014-ல் சட்டமே போட்டார்கள். திருடனுக்கு நல்ல ஆப்புதான். ஆனால், 'நீங்க கவலைப்படாதீங்க' என்று கடைக்காரரே ஜிமெயில் போட்டுக் கொடுக்கிற நம் ஊரில், சொந்தக்காரருக்கும் அதே ஆப்பு!

இதையெல்லாம் சித்திக்குச் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே, "பாஸ்புக்கு மாதிரின்னு சொல்லு" என்றார்.

விளக்கம் எனக்குத்தான் தேவைப்பட்டது. வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள் கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, சுற்றி, எண்ணிக் கொடுப்பார்கள். வரவு பாஸ்புத்தகத்தில் ஏறும். 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வந்தது. 1977-ல் பி.எஃப். வந்தது. வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களும் தொழிலாளர்தான், பி.எஃப். உண்டு என்று 1985-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே சொன்னது. ஆனால், புத்தகம் இருந்தால்தானே! கிடைக்காதவர்கள் அடுத்தவர் புத்தகத்தில் சுற்றினார்கள். சித்தியும் கல்யாணமான புதிதில் அப்படித்தான். பதினோரு வருஷம், மடியில் சொளவை வைத்துக்கொண்டு. பீடி அவருடையது. கூலி கைக்கு வந்தது. பி.எஃப். மட்டும் பக்கத்துத் தெருவில் ஒருத்தர் பேரில் சேர்ந்தது.

"கேக்கப் போனேன். 'ஒம் பேரே இல்லியேம்மா'ன்னுட்டான்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை.

போனுக்கு வருவோம். வராமல் நின்றது சித்தியின் கணக்கு நோட்டு ஆப். தெருப் பெண்கள் இருபது பேரின் சீட்டுக் கணக்கு அதில்தான் இருந்தது! அழித்துவிட்டு அவர் பெயரில் புதிதாக இறக்கலாம். ஆனால், உள்ளே எழுதியது போய்விடலாம். கடைக்காரர் கணக்கிலிருந்து மாற்றிக்கொள்ள முடியாதா என்றான் மகன். அதற்கு அவருடைய பாஸ்வேர்டே வேண்டும். தவிர, வாங்கியவற்றை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதியை ஆப்பிள் 2025 பிப்ரவரியில்தான் கொண்டுவந்தது. அப்போதும் இந்தியாவுக்கு இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

நல்லவேளை, பழைய போன் உடைந்த கண்ணாடியோடு உயிரோடு இருந்தது. (நீங்களும் எல்லாம் வந்து சேரும்வரை பழசை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள்.) நான் வாசிக்க, சித்தி நாற்பது பக்க நோட்டில் எழுதினார். யார் எத்தனை தவணை, யார் எடுத்தாயிற்று, யார் பாக்கி. ஒரு மணி நேரம் ஆனது. பிறகு ஆப்பை அழித்து, சித்தியின் சொந்த ஈமெயிலில் இறக்கினோம்.

"இப்ப இது எம் பேர்லதான இருக்கு?" என்றார்.

"ஆமா சித்தி."

நோட்டை எடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டு, பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். வந்து உட்கார்ந்து, மறுபடியும் கேட்டார். "நல்லாப் பாத்துச் சொல்லு, எம் பேர்லதான?"