செர்க்னிக்கா: ஏரியான வயல்

சுலோவீனியா நாட்டின் தென்மேற்கே, சுண்ணாம்புக்கல் மலைகள் சூழ, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீற்றர் உயரத்தில் செர்க்னிக்காச் சமவெளி கிடக்கின்றது. இத்தகைய மலையிடைச் சமவெளியை அந்நாட்டார் ‘போல்யே’ என்பர். வயல் என்பது அதன் பொருள். ஆயினும், இலையுதிர்கால மழை பெய்தாலும், வசந்தத்தில் பனி உருகினாலும், அவ்வயல் இருபத்தைந்து சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஏரியாகிவிடும். கோடையின் பிற்பகுதியில் நீர் முழுவதும் நிலத்திலுள்ள துளைகளுள் இறங்கி மறைந்துபோகும்.

மறையும் நீர் அழிவதில்லை. மலையடியிற் குகைகள் வழியே ஓடி, வேறு சமவெளிகளில் வெளிப்பட்டு, மீண்டும் மறைந்து, ஈற்றில் தலைநகராகிய லியுப்லியானாவை ஊடறுக்கும் ஆறாகின்றது.

இந்நீரின் இயல்பறிந்தே மக்கள் வாழ்வை வகுத்தனர். வயலின் நடுவில் வீடு கட்டுவாரில்லை. ஊர்கள் பெரும்பாலும் ஓரத்து மேட்டுநிலங்களிலேயே அமைந்தன. ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணியில் மீன்பிடித்த இடத்திலேயே, அவ்வாண்டின் கோடையில் மாட்டுக்குப் புல்லறுத்தனர். நீர் வடியுங்கால் குழிகளில் மீன்கள் சிக்கும். அதுவே மீன்பிடிக்குச் சிறந்த வேளை. நீர் விழுங்கும் துளைகளுக்குப் பெயர்களும் இட்டனர். ஒன்றன் பெயர் ‘சல்லடை’ எனப் பொருள்படும். நீர் புறப்படுமுன் முழங்கும் மற்றொன்றுக்கு முரசை வைத்துப் பெயரிட்டனர்.

இவ்விந்தையை உலகறியச் செய்தவர் வல்வசோர் என்னும் பிரபு. 1687இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றமைக்கு இவ்வேரி பற்றிய அவரது விளக்கமே காரணம். நிலத்தடி ஏரிகளும் வளைகுழாய்களும் நீரை ஏற்றி இறக்குகின்றன என்றார். அவ்விளக்கம் பிழையெனப் பின்னர் தெரிந்தது. அவர் கண்டெழுதிய ஊர்வாழ்க்கையோ இன்றும் பயன் தருகின்றது. 1689இல் நாட்டின் வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்டு, அக்கடனால் தம் கோட்டையையும் விற்றார்.

வெள்ளம் பிந்தி வடிந்தால் புல் கெடும். ஆதலால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் துளைகளை அகலமாக்கி, நீரை விரைவாக வடிக்க முயன்றனர். அதற்கு நேர்மாறாக, 1960களின் இறுதியில், உல்லாசப் பயணிகளைக் கருதி ஏரியை நிலையாக நிறுத்த எண்ணி, நீர் புகும் கார்லோவிகாக் குகைகளை அடைத்தனர். நீர் அடைபட்ட வாயிலுக்குக் காத்திருக்கவில்லை. வயலின் மற்றைத் துளைகளால் இறங்கியது. வறண்ட கோடையில் ஏரி முன்போலவே வற்றியது.

2006இல் இந்நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகப் பதியப்பட்டது. பறவைகள் காக்கப்படுகின்றன. ஆயின் மாடு வளர்ப்பார் அருகி, அரிவாள் படாத புல்வெளிகளிற் புதர் ஏறத் தொடங்கிவிட்டது.