உயிருக்கு அடுத்து எது? எரியும் வீட்டிலிருந்து தீயணைப்பு வீரர்கள் பொருட்களை மீட்பது எப்படி?

2017 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில், பணக்காரர்கள் வசிக்கும் பெல் ஏர் பகுதிக்குள் காட்டுத்தீ புகுந்தது. 'ஸ்கர்பால் தீ' என்று அழைக்கப்பட்ட அதில் 6 வீடுகள் அழிந்தன. அப்போது தீயணைப்பு வீரர்கள் ஒரு கட்டத்தில் வீடுகளுக்குள் போய் ஓவியங்களைச் சுமந்துகொண்டு வெளியே வந்தார்கள். வீடு எரியும்போது படத்தைத் தூக்கலாமா?

இதெல்லாம் அவங்க வேலையா?

ஆமாம். தீயணைப்புப் பயிற்சியில் சொல்லித்தரப்படும் வரிசை இது: முதலில் உயிர், அடுத்து தீ பரவாமல் நிறுத்துவது, மூன்றாவதாகச் சொத்து. முதல் இரண்டும் கைக்குள் வந்த பிறகுதான் மூன்றாவதுக்கு இடம்.

எரியும் வீட்டில் நேரம் எப்படிக் கிடைக்கிறது?

காட்டுத்தீயில் பல வீடுகளைப் பற்றவைப்பது காற்றில் பறந்துவரும் தீக்கங்குகள்தான். அவை மரக்கூரையின் இடுக்கில் விழுந்து மேலே எரியத் தொடங்கினால், கீழ் அறைகளில் சில நிமிடங்கள் மிஞ்சலாம். அந்த நேரத்தில் சுவரில் மாட்டிய குடும்பப் படம், ஆல்பம், ஆவணப் பெட்டி ஆகியவற்றை எடுப்பார்கள். தூக்க முடியாதவற்றை அறையின் நடுவில் குவித்துத் தார்ப்பாய் போர்த்துவார்கள். நெருப்புக்குத் தப்பியது தண்ணீரில் வீணாகிவிடக் கூடாதே! கூரை தாங்காது என்று தெரிந்தால் எல்லாரும் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

எதை எடுப்பது என்று எப்படித் தெரியும்?

2019 ஏப்ரல் 15 அன்று பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் எரிந்தபோது, எதை முதலில் மீட்க வேண்டும் என்ற திட்டம் முன்பே இருந்தது. இயேசுவின் முள்முடியாகப் போற்றப்படும் நினைவுச்சின்னம் அன்று தப்பியது. நம் வீடுகளில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. எந்த அறை, எந்த அலமாரி என்று வெளியே நிற்கும் வீட்டுக்காரர் சொன்னால்தான் உண்டு.

பெங்களூருக்கு இது பொருந்துமா?

முழுசாகப் பொருந்தாது. இங்கே பெரும்பாலும் கான்கிரீட் வீடுகள். தீ உள்ளே தொடங்கினால் புகை அறைகளை வேகமாக நிரப்பிவிடும். 2010 பிப்ரவரி 23 அன்று பழைய விமான நிலைய சாலையின் கார்ல்டன் டவர்ஸ் தீயில் 9 பேர் இறந்தார்கள். ஒக்கலிபுரம் போன்ற நெருக்கமான பகுதிகளின் குறுகிய சந்துகளில் தீயணைப்பு வண்டி வீட்டு வாசல் வரை வருவதே சிரமம். அதனால் பொருளை மீட்க யாராவது வருவார்கள் என்று நம்பி இருக்க முடியாது. நாமே திரும்ப உள்ளே ஓடுவது அதைவிட ஆபத்து.

அப்ப இப்பவே என்ன செய்யலாம்?

* மறுபடி கிடைப்பவை: மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட் போன்றவற்றுக்கு நகல் வாங்க வழி உண்டு. கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெறலாம். டிஜிலாக்கரில் அரசுத் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் அசலுக்கு இணையாகச் செல்லும். நாமே ஸ்கேன் செய்து ஏற்றியவை அப்படி ஆகாது.
* மறுபடி கிடைக்காதவை: தாத்தா பாட்டி ஃபோட்டோ, கைப்பட எழுதிய கடிதம். இவற்றை இந்த வாரமே ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். அசலை ஒரே பையில், வாசலுக்குப் பக்கத்தில் வைக்கலாம்.
* காப்பீடு: 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருக ரக்ஷா' பாலிசி இருக்கிறது. கட்டடத்துக்கு எடுத்தால், அதன் காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுப் பொருட்களும் தானாகச் சேரும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். நகை, கலைப்பொருட்களுக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.
* நனைந்த படங்கள்: ஒட்டிக்கொண்டவற்றைப் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, நிழலில், படம் மேலே தெரியும்படி காயவிடுங்கள். இரண்டு நாளுக்குள் முடியாது என்றால் ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம்.

தீ பிடித்தால் முதலில் எல்லாரும் வெளியே வந்துவிடுங்கள். பிறகு 112 அல்லது 101-ஐ அழையுங்கள். வீரர்கள் வந்ததும் உள்ளே யாராவது இருக்கிறார்களா, கேஸ் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆல்பம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது அதற்கு அப்புறம்தான்.