கதிரை விரிப்பும் பெயரில்லாத கைகளும்

நேயர்களே, உங்கள் வீட்டுக் கதிரையின் முதுகிலோ, மேசையின் நடுவிலோ, வானொலிப் பெட்டியின் மேலோ வெள்ளை நூலால் பின்னிய ஒரு சிறு விரிப்புக் கிடக்கிறதா? இருந்தால் அதை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். இன்று நாம் பேசப்போவது அதன் வரலாற்றைத்தான்.

முதலில் சொற்களைக் கவனிப்போம். கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், லேஞ்சி ஆகிய இவையெல்லாம் போர்த்துக்கீச மொழியிலிருந்து எம்மிடம் வந்தவை. இந்தப் பொருள்களின் ஓரங்களை அலங்கரிக்கும் பின்னலுக்கு நாம் வழங்கும் 'ரேந்தை' என்ற சொல்லும் அவ்வாறே வந்தது. 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே 1624இல் திருகோணமலைக் கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கீசர். 1639இல் ஒல்லாந்தர் அவர்களை இங்கிருந்து வெளியேற்றினர். கோட்டை கைமாறியது, கொடிகள் மாறின. ரேந்தை என்ற சொல் மட்டும் எங்கள் வீடுகளுக்குள்ளேயே தங்கிவிட்டது. தென்னிலங்கையில் காலியை அண்டிய கரையோரத்துப் பெண்கள் மரக்கட்டைகளில் நூலைச் சுற்றி, தலையணை போன்ற திண்டின்மேல் வைத்துப் பின்னும் 'பீரலு' ரேந்தையும் போர்த்துக்கீசப் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆயினும் எங்கள் கதிரை விரிப்பு அந்தப் பீரலு வகையைச் சேர்ந்ததன்று. அது குரோஷே என்னும் கொக்கியூசிப் பின்னல். பிரெஞ்சு மொழியில் குரோஷே என்றால் சிறு கொக்கி. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டிலே பரவி, ஆங்கிலேயர் காலத்தில் கீழைநாடுகளுக்கு வந்தது. கம்பளிச் சட்டை பின்னுவதற்கு இரண்டு ஊசிகள் வேண்டும். இதற்கு ஒரு கொக்கியூசி போதும். ஒரு கண்ணியை இழுத்து அதனுள் இன்னொரு கண்ணியை நுழைத்து, ஒரே நூலால் வட்டமும் பூவும் விசிறியும் ஆக்கிவிடலாம். வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. கடைசிக் கண்ணியின் நுனியைப் பிடித்து இழுத்தால் முழு வேலைப்பாடும் பிரிந்து மீண்டும் வெறும் நூலாகிவிடும். கம்பிப் பின்னலுக்கு 1589இலேயே வில்லியம் லீ என்ற ஆங்கிலேயர் இயந்திரம் கண்டுபிடித்துவிட்டார். உண்மையான குரோஷே பின்னலை இன்றுவரை கைதான் செய்கிறது.

இப்பின்னலை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று சொல்லுவது வழக்கம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்து பட்டினி கிடந்தபோது, கன்னியர் மடங்களும் பள்ளிகளும் ஏழைப் பெண்களுக்குக் குரோஷே கற்பித்தன. அதை விற்று வந்த காசில் பல குடும்பங்கள் உயிர் பிழைத்தன.

தமிழ் நிலத்திலும் பின்னலுக்கு இத்தகைய ஒரு கதை உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்ள்ஸ் மால்ட் என்பவரும் அவர் மனைவி மார்த்தாவும் 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, ரேந்தை பின்னவும் கற்பித்தார். அன்று திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது. 1855இல்தான் அது ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, அடிமை நிலையிலிருந்த பெண்கள் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கிக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் எழுதியுள்ளன. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் தோளை மூடுவதே குற்றமாயிருந்த நாடு அது. நாடார் பெண்கள் மேலாடை அணிய 1859இல்தான் அரச ஆணை இடங்கொடுத்தது. அந்த ஊரிலே ஊசியும் நூலும் பெண்ணின் கைக்கு வந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மார்த்தாவின் மகள் எலைசா, 1822இல் நாகர்கோவிலிலே பிறந்தவர். 1844இல் திருமணமாகி இடையன்குடிக்குச் சென்றவர், தாயிடம் கற்ற ரேந்தைத் தொழிலை அங்கேயும் தொடங்கினார். அவருடைய கணவர் யார் தெரியுமா? தமிழ் படித்த எவரும் அறிந்த றொபேட் கால்டுவெல்தான். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எங்கள் வகுப்பறைகளில் எத்தனை தடவை பேசியிருப்போம்! அதே ஆண்டுகளில் அதே வீட்டைச் சூழ்ந்து பனங்காட்டுக் கிராமத்துப் பெண்கள் ரேந்தை பின்னிக்கொண்டிருந்ததை நாம் பேசுவதில்லை.

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1862இல் பெரிய தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்ட மைரன் வின்சுலோவை அறிவோம். அவருடைய மனைவி ஹரியற் 1824இல் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். எழுத்தும் வாசிப்பும் போலவே ஊசிவேலையும் அங்கே பாடமாயிருந்தது. கணவர்மாரின் நூல்கள் நூலகத்தில் இருக்கின்றன. மனைவிமார் கற்பித்த நூல்வேலையோ யார் யாருடைய வீட்டிலோ கிடந்து, நைந்து போயிற்று.

எல்லா இடத்திலும் இந்தக் கதை விடுதலையில் முடியவில்லை. ஆந்திரத்தில் கோதாவரிக் கழிமுகத்தில் நர்சாபூர் என்றோர் ஊர். அங்கேயும் மிஷன்மார் வழியாக வந்த குரோஷே, பிற்காலத்தில் பெரிய ஏற்றுமதி வணிகமாயிற்று. ஜேர்மனிய ஆய்வாளர் மரியா மீஸ் அவ்வூர்ப் பெண்களைப் பற்றி எழுதிய நூல் 1982இல் வெளிவந்தது. ஏறத்தாழ ஒரு லட்சம் பெண்கள் வீட்டிலிருந்து பின்னிய ரேந்தை வெளிநாட்டுச் சந்தைக்குப் போனது. இலாபம் வணிகரிடம் சேர்ந்தது. நாள் முழுவதும் குனிந்து பின்னிய பெண்ணுக்குக் கிடைத்தது மிகச் சொற்பக் கூலி. காரணம் கேட்டால், அவர்கள் தொழிலாளர் அல்லர், வீட்டுப் பெண்கள் ஓய்வுநேரத்தில் ஏதோ செய்கிறார்கள் என்பதே விடை. 'பொழுதுபோக்கு' என்ற ஒரு சொல்லே அவர்களின் கூலியைக் குறைத்துவிட்டது.

எங்கள் துறைமுகத்துக் கரையிலே நின்று பார்த்தால் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். மணலில் அமர்ந்து கிழிந்த வலையைப் பொத்துகின்ற மீனவரின் வேலையைத் தொழில் என்கிறோம். நூலும் கண்ணியும் முடிச்சுந்தான் அங்கும். அதே நேரத்தில் அவர் வீட்டுத் திண்ணையில் மனைவி பின்னிக்கொண்டிருந்தால், அது பொழுதுபோக்கு. ஐரோப்பாவிலே 16ஆம் நூற்றாண்டில் கைப்பின்னல் ஆண்களின் சங்கத் தொழிலாயிருந்தது. அப்போது அதை யாரும் பொழுதுபோக்கு என்று சொன்னதாகத் தெரியவில்லை.

எங்கள் பழம்புலவர்கள் இந்த உழைப்பைக் கண்டிருக்கிறார்கள். ஆண்துணை இல்லாத பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை, மலைமேல் தவழும் வெண்முகிலுக்கு உவமையாக்கினார் கபிலர், நற்றிணையிலே. சிறு விளக்கொளியில் இரவிலும் விழித்து வேலை செய்யும் பருத்திப் பெண்ணைப் புறநானூறு காட்டுகிறது. பவணந்தி முனிவரோ நன்னூலில், சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் வைத்து, நூற்கும் பெண்ணின் இடத்திலே புலவரை அமர்த்தினார். இழைக்கும் ஏட்டுக்கும் 'நூல்' என்று ஒரே பெயர் வைத்த மொழி எங்களுடையது.

என் அம்மாவும் பின்னினார். சின்ன வட்ட விரிப்புகள், பிள்ளைகளுக்குத் தொப்பி, யன்னல் சீலைக்கு ஓரம். அயலவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தக் காசில்தான் எங்களுக்குக் கொப்பி வந்தது. 1990இல் வீட்டை விட்டுப் புறப்பட்டபோது, பெட்டியில் கிடந்த விரிப்புகள் சிலவும் எங்களோடு வந்தன. தங்கியிருந்த இடத்தில் நூல் வாங்க வழியில்லை. அம்மா ஒரு விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தார். பூக்கள் வரிசை வரிசையாகக் கழன்று நூலாகி உருண்டையாயின. சில நாள்களில் அந்த நூல், அங்கே பிறந்த ஒரு குழந்தையின் தலையில் தொப்பியாக இருந்தது. "கண் நோகுதேயம்மா, ஏன் இந்த வேலை?" என்று பிறகொருநாள் கேட்டேன். "சும்மா இருக்கிற நேரத்திலதானே தம்பி பின்னுறன்" என்றார். அம்மா சும்மா இருந்த நேரத்தை நான் கண்டதில்லை.

குறுந்தொகையைத் தொகுத்தவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பெயர் தெரியாத புலவர்களை அவரவர் பாட்டிலிருந்த அழகிய தொடராலேயே அழைத்தார்கள். செம்மண்ணில் விழுந்த மழையைப் பாடியவர் செம்புலப்பெயனீரார் ஆனார். முற்றத்தில் விளையாடும் அணிலைப் பாடியவர் அணிலாடுமுன்றிலார் ஆனார். பெயர் போனாலும் படைத்தவர் ஒருவர் இருந்தார் என்பதை அந்தத் தொகுப்பாளர்கள் மறக்கவில்லை.

எங்கள் கதிரை விரிப்புகளுக்கு அப்படி ஒரு தொகுப்பாளர் வரவில்லை. அதனால் நேயர்களே, உங்கள் வீட்டில் பழைய பின்னல் ஒன்று இருந்தால், அதைப் பின்னியவர் யார், யாரிடம் பழகினார், எந்த ஆண்டில் என்று கேட்டறிந்து ஒரு சிறு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேளுங்கள். எங்கள் அலுமாரியில் எஞ்சியிருக்கும் ஒரேயொரு விரிப்போடு நான் அம்மாவின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.